கொக்குப் படம் போட்ட சைக்கிள்

போன இதழில் வெண்கலப் பானைக்கு ஈயம் பூசுவது பற்றி எழுதினாலும் எழுதினேன், பழைய சாமான்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்குக் குறைவில்லை. அதில் திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது. "பழைய சாமான் என்றால் பாத்திரம் பண்டம் மட்டும்தானா அக்கா? எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மாமனாருடைய சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது. தூக்கிப் போடு என்கிறார் இவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?" என்று எழுதியிருக்கிறார்.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்! போன தை மாதத்திலிருந்து என் வீட்டில் இதே கூத்துதான் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொன்னாலே அவருக்குப் பதில் கிடைத்துவிடும். அவர் கேட்காத சிலதும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பிறந்த வீடு சோழவந்தானில். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். விடிகாலையில் கவுளி கவுளியாக அடுக்கி, ஈரச் சாக்குச் சுற்றி, சைக்கிள் கேரியரில் ஆள் உயரத்துக்குக் கட்டி, தேனூர், சமயநல்லூர் வழியாக மதுரைக் கமிஷன் கடைக்கு மிதிப்பார். போக மட்டும் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. வெயில் ஏறுவதற்குள் இலை போய்ச் சேர வேண்டும். வெற்றிலை வாடினால் விலையும் வாடிவிடும் என்பார்.

அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டில் ஒரு பெரிய மனுஷர் மாதிரி. "சீமை ராலேடா இது! 1947-ல ஊரை விட்டுப் போன துரைகிட்ட உங்க தாத்தா வாங்குனது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா சொல்வார். முன்பக்கம் ஹேண்டில்பாருக்குக் கீழே கொக்குத் தலை போட்ட ஒரு வில்லை இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் துண்டு நுனியால் அதைத் துடைப்பார். பிள்ளைகள் சைக்கிளின் எந்த இடத்தையும் தொடலாம், அந்த வில்லையை மட்டும் தொடக்கூடாது. ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும் அவர் கையால்தான்.

அப்பா போய் இருபது வருஷமாகிறது. இந்தத் தைப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அண்ணன் மாட்டுத் தொழுவத்தை இடித்து மராமத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழுவச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பழைய இரும்புக்காரர் தூக்கிப் பார்த்து, "இருவது கிலோ தேறும். ஐநூறு ரூவா வச்சுக்கங்க" என்றார். அண்ணனும் சரி என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேரப்பிள்ளைகள் ஸ்கூட்டியில் பறக்கிற வீட்டில் அதை யார் தொடப் போகிறார்கள்? அம்மா திண்ணையில் உட்கார்ந்து சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்து வயதில் பல் எங்கே இருக்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இடிக்கிற சத்தம் மட்டும் நின்றுபோனது.

எனக்கு என்ன தோன்றியதோ, "நான் எடுத்துக்கிறேன்ணே" என்று சொல்லிவிட்டேன். குட்டி யானை வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்து இறக்கியதும் என் வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "இரும்புக் கடைக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துருச்சா?" என்றார். மகனோ ஒரு படி மேலே போய், "சூப்பர்மா! பெயிண்ட்டை எல்லாம் சுரண்டி எடுத்துட்டு பவுடர் கோட்டிங் பண்ணிட்டா ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும்" என்று கிளம்பிவிட்டான். நல்லவேளை, எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் முதலில் காட்டினோம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஸ்பானர் பிடித்த கை.

"தம்பி, பெயிண்ட்டுல கை வைக்காதே. வண்டிக்கு வயசு என்ன, ஊரு என்னன்னு அதுதான்யா சொல்லும். மொதல்ல குளிப்பாட்டுவோம்" என்றார் அவர்.

இந்த ஒரு வார்த்தையைத் திருமங்கலத்துச் சகோதரி முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். பழைய சைக்கிள் கிடைத்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம் பெயிண்ட் அடிப்பது. அதற்குப் பிறகு அது எந்தக் கம்பெனி வண்டி என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

குளிப்பாட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கிழிந்த பனியன் துணி, இவ்வளவுதான். கொல்லையில் உட்கார்ந்து மூன்று மத்தியானம் துடைத்தேன். வெள்ளிப் பூச்சாகப் பளபளக்க வேண்டிய ஹேண்டில்பாரும் ரிம்மும் செம்மண் நிறத்தில் இருந்தன. சப்பாத்தி சுற்றித் தருகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல் துரு கரைந்து போகிறது! நானே நம்பவில்லை. துரு ரொம்ப ஊறின திருகு, நட்டுகளுக்குப் புளித் தண்ணீர் போதும். ஆனால் புளியில் அரை நாள் ஊற வைத்துவிட்டு அப்படியே விட்டால் மறுபடி துரு பிடிக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். ஒரு விஷயம், குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் முன்பக்க வில்லையையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளை பளிச்சென்று வரும். அதன் மேல் இருக்கிற வர்ணம் போயே போய்விடும். அதற்கு ஈரத் துணி போதும்.

தோல் சீட் இருந்தால் அதிர்ஷ்டம். எண்ணெய் ஊற்றி ஊற வைக்காதீர்கள். தோல் இளகித் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். தேன்மெழுகைக் கொஞ்சமாகத் தடவினால் போதும்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு இங்கே இரண்டு வார்த்தை. செயின், பால்ரஸ் குண்டுகள் எல்லாம் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ வேண்டியிருக்கும். அதைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் ஆபத்து. உப்புத் தண்ணீர், மோர் என்று எதையும் புகட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரண்டாவது, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடியே தேய்த்தால் பறக்கிற தூளை மூச்சில் இழுப்பது வீட்டிலிருக்கிற குழந்தையும் வயிற்றுப் பிள்ளைக்காரியும்தான். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே. உடுத்திய துணியைத் தனியாக அலச வேண்டும்.

குளித்து முடித்த சைக்கிளைப் பெரியவர் தலைகீழாக நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாதகம் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். அன்று நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

பெடல் போடுகிற பெரிய பல்சக்கரம் இருக்கிறதே, அதை நாம் யாராவது உற்றுப் பார்த்திருக்கிறோமா? கோலம் மாதிரி ஏதோ ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்பதோடு சரி. அது கோலம் இல்லையாம், கம்பெனியின் கையெழுத்தாம்! பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று ஆங்கில எழுத்தையே வெட்டியிருப்பார்கள். அந்தக் கம்பெனி பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்தது, அதனால் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தியிருக்கும். ரட்ஜ் என்ற சீமை வண்டியில் விரித்த உள்ளங்கை. ஹம்பர் என்றால் சக்கரத்துக்குள் மனித உருவங்கள் கை கோத்து ஓடுகிற மாதிரி இருக்கும். ராலே என்றால் கொக்கு. எங்கள் வண்டிச் சக்கரத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு கொக்குகள் இருந்தன. முன் வில்லையிலும் கொக்குதான், 'நாட்டிங்ஹாம், இங்கிலாந்து' என்றும் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் நாட்டிலேயே வங்காளத்து அசன்சோலில் 1950-களில் சென்-ராலே என்று தொழிற்சாலை வைத்து ராலே வண்டி செய்தார்கள். அது பின்னால் அரசாங்கத்தின் கைக்குப் போய், மூடியும் போய்விட்டது. நம்முடையது அதுவும் இல்லை, அசல் சீமைச் சரக்கு!

பெரியவர் முகத்தில் மட்டும் களை இல்லை. முன்போர்க்கைத் தடவினார். பெடல் அச்சு ஓடுகிற கூட்டைக் கழற்றி, அதிலிருந்த கிண்ணத்தைத் தன் கடையிலிருந்த வேறொரு வண்டிக் கிண்ணத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு வில்லையின் இரண்டு ஆணிகளைக் கழற்றினார். அதன் பின்னால், பெயிண்டுக்கு அடியில், ஈயம் வைத்து அடைத்த வேறு இரண்டு துளைகள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், மனசு கஷ்டப்படக்கூடாது. இது ராலே இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க? கொக்கு இருக்கே!"

"கொக்கு ராலேதான். கொக்கு வந்து உக்காந்திருக்கிற மரம் வேற."

விளக்கமாகச் சொன்னார். பெடல் கூட்டின் மரை மற்ற கம்பெனிகளுக்கு அங்குலத்துக்கு 24. ராலேக்காரன் மட்டும் பிடிவாதமாக 26 போடுவான். ராலே கூட்டில் மற்ற கிண்ணம் ஏறாது. எங்கள் வண்டியில் சாதாரணக் கிண்ணம் வழுக்கிக்கொண்டு ஏறியது. முன்போர்க்கின் தோள்பட்டையில் ராலேக்கு உரிய உருண்ட குமிழும் இல்லை. ஈரத் துணியால் கீழ்க் குழாயை இன்னும் கொஞ்சம் துடைத்ததும், பிற்பாடு யாரோ அடித்த கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்து, உள்ளே ஆங்கிலத்தில் 'ஹெர்குலிஸ்' என்பதன் கடைசி நாலைந்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

ஆக, எங்கள் வீட்டுத் துரை சாதாரண அம்பத்தூர்க்காரர்! 1949-ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையின் ஹெர்குலிஸ். இதில் ஒரு வேடிக்கை. அந்த நாளில் ராலேயா, பி.எஸ்.ஏ.யா, ஹெர்குலிஸா என்று டீக்கடையில் சண்டையே போடுவார்களாம். அங்கே இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமோ? 1957-ல் பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவை ராலே வாங்கிவிட்டது. 1960-ல் ராலேயும் ஹெர்குலிஸும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. சம்பந்திகள் ராசியான பிறகும் இங்கே பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் முறைத்துக்கொண்டிருந்த கதைதான்!

ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பொய்யா சொன்னார்? ஏமாந்தாரா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை துடைத்தாரே! இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னால், "அப்பவே ஐநூறுக்குக் குடுத்திருக்கலாம்" என்கிறார். மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சோழவந்தானுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து அம்மா திண்ணையில் உட்கார்ந்ததும் மெதுவாக எடுத்தேன். "அம்மா, அந்தச் சைக்கிள் ராலே இல்லையாமே?"

அம்மா இடிப்பதை நிறுத்தவில்லை. "ஆமா. உங்கப்பா அதை வித்துப்புட்டாருல்ல."

"எப்போ?"

"நீ பொறந்தப்ப."

நான் 1962-ல் பிறந்தவள். அண்ணன் பிறந்தது வீட்டிலேயே, மருத்துவச்சி கையால், சிரமமில்லாமல். அதே தைரியத்தில் என்னையும் வீட்டில் பெற்றிருக்கிறாள். குழந்தை வந்த பிறகு உதிரம் நிற்கவில்லை. மாட்டு வண்டியில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இருபத்தொரு நாள். அந்த நாளில் இரத்தம் பெரும்பாலும் விலைக்குத்தான். காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். 1998 தொடக்கத்தில்தான் அந்த வழக்கத்துக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி வைத்தார்கள். இரண்டு பாட்டில் இரத்தத்துக்கும் மருந்துக்கும் பணம் புரட்ட அப்பாவிடம் அவசரத்துக்கு விற்கிற மாதிரி இருந்தது அந்த ஒரு வண்டிதான். கொடிக்கால் குத்தகை நிலம், நகை ஏற்கெனவே அடகில்.

"மதுரையிலேயே ஒரு சைக்கிள் கடையில வித்தாரு. நூத்திச் சொச்சம் குடுத்தான். 'அந்தக் கொக்கு வில்லையையும் சக்கரத்தையும் மட்டும் கழட்டிக் குடுங்க'ன்னு கேட்டிருக்காரு. அதுக்குப் பதினஞ்சு ரூவா கொறைச்சுக்கிட்டானாம்."

"அது எதுக்கும்மா?"

அம்மா வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "உங்க அப்பத்தா வாய் உனக்குத் தெரியாது. பொட்டப்புள்ள பொறந்து சைக்கிளைத் தின்னுருச்சும்பாங்க. ஆயுசுக்கும் சொல்லுவாங்க. ஊரும் சேந்து சொல்லும். எம்புள்ளையை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதுன்னாரு. ஆறு மாசம் வெத்தலையைத் தலைச்சுமையா ரயிலுக்குத் தூக்குனாரு. கேட்டவங்ககிட்ட எல்லாம், 'வண்டி ஓவராயிலுக்குக் குடுத்திருக்கேன், சீமைச் சாமான் வரணும்'னு சொல்லிட்டாரு."

ஓவராயில்! சைக்கிளை அக்கு அக்காகக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டுப் பூட்டுவதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற வார்த்தையை நம்மவர்கள் 'ஆயில்' என்று புரிந்துகொண்டு ஓவராயில் ஆக்கிவிட்டார்கள். சாதாரணமாக ஒரு நாள் வேலை. ஆறு மாதம் ஓவராயில் நடந்த ஒரே சைக்கிள் எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்புறம் அரைப் பழசாக ஒரு ஹெர்குலிஸ் வாங்கி, அதன் வில்லையைக் கழற்றி, துளையை ஈயம் வைத்து அடைத்து, கொக்கை ஏற்றி, கறுப்பு பெயிண்ட் அடித்து ஊருக்குள் ஓட்டி வந்திருக்கிறார். அப்பத்தா சாகும்வரை கண்டுபிடிக்கவில்லை. நாங்களும்தான்.

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நீயாத்தானே கண்டுபிடிச்ச? நான் சொல்லலையே?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

இன்று 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. 2008-லிருந்து நம் ஊரில் இருக்கிற வசதி இது. அப்படியும், 'முதல் பிரசவம் சுகமாக ஆயிற்று, இரண்டாவதுக்கு என்ன பயம்' என்று அசட்டையாக இருக்கிற வீடுகள் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு துணி மாற்ற மாற்ற நனைகிறது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கிற விஷயம் இல்லை. இதை அம்மாவே எழுதச் சொன்னாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா என்னை பார் மேல் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றுவார், ஆனால் ஓட்டக் கற்றுக்கொடுக்க மாட்டார். "விழுந்து தழும்பு பட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்பார். அண்ணன் ஐந்தாம் வகுப்பிலேயே பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு போவார். நான் பின்னால் ஓடுவேன். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

பிறகு நான் கற்றுக்கொண்டது முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு. 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்து கற்கிற பெண்கள் சைக்கிளும் கற்க வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சிலர் அதுதான் வேண்டும் என்றார்களாம், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரை நச்சரித்து, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலையில் யாரும் பார்க்கிறதற்குள் கற்றுக்கொண்டேன். முழங்காலில் ஒரு தழும்பு. கட்டியவர்தான் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார், ஆகையால் பாதகமில்லை!

சரி, திருமங்கலத்துச் சகோதரிக்கு வருகிறேன். உங்கள் மாமனாருடைய வண்டியில் பல்சக்கரத்தையும் முன் வில்லையையும் பார்த்தாயிற்று என்றால், அடுத்து எண். சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்திலோ, பெடல் கூட்டின் அடியிலோ எண் வெட்டியிருக்கும். பெயிண்டைச் சுரண்டாமல் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெட்டியில் பழைய ரசீதோ, நகராட்சி பஞ்சாயத்துகளில் வரி கட்டி வாங்கின சைக்கிள் வில்லையோ இருந்தால் விடாதீர்கள், வருஷம் அதில் இருக்கலாம். ஓரிடத்தில் சொல்வதும் மற்றோரிடத்தில் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி யாரோ மாற்றிக் கட்டியது. அதற்காக வருத்தப்படாதீர்கள், ஏன் மாற்றினார்கள் என்று வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள்.

கழற்றுகிற வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. வீட்டில் செய்தே தீருவேன் என்கிற தம்பிமார்களுக்கு ஒன்று, இடது பெடலின் மரை எதிர்த்திசை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும், அப்புறம் மரையே போகும். பெடல் தண்டைப் பிடித்திருக்கிற காட்டர் பின்னைச் சுத்தியலால் நேரே மடார் மடார் என்று அடிக்கக்கூடாது. கீழே முட்டுக் கொடுத்துத் தட்ட வேண்டும். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 என்பதுதான் பழைய பெரிய சைக்கிள்களின் கணக்கு. கம்பி இரண்டு குறைந்தாலும் ரிம் கோட்டம் ஆகும். இருபத்தெட்டுக்கு ஒன்றரை டயர் நம் ஊரில் இன்றும் கிடைக்கிறது, பயமில்லை. குழாய் சேருமிடங்களிலோ முன்போர்க்கிலோ விரிசல் இருந்தால் மட்டும் ஓட்டுகிற ஆசையை விட்டுவிடுங்கள். ராடு பிரேக் மழை ஈரத்தில் பிடிக்காது என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

செலவு? எனக்கு டயர், ட்யூப், செயின், பால்ரஸ், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. இந்தப் பழைய வண்டிகள் லட்சத்துக்குப் போகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம் ஊர் வண்டிகள் ஏராளமாக இருக்கின்றன, விலை என்று பெரிதாக ஒன்றும் வராது. விற்கிற எண்ணமிருந்தால் இத்தனை பாடு தேவையே இல்லை.

இன்னொன்று. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவச சைக்கிள் கொடுத்தார்களே, அந்த முதல் வண்டிகளுக்கே இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றன. உங்கள் பெண் அதில்தான் முதன்முதல் தனியாக ஊர் எல்லையைத் தாண்டியிருப்பாள். இரும்புக்காரர் வரும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. பெயிண்ட் அடிக்கவில்லை. துருவை மட்டும் நிறுத்தி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். கடைசி நாள் பெரியவர் கொக்கு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "என்ன தங்கச்சி, பழைய ஹெர்குலிஸ் வில்லை ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. அதைப் போட்டா முறையா இருக்கும். எதைப் போடட்டும்?"

"கொக்கையே போடுங்கண்ணே" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அப்பா அடைத்த ஈயத்தையும் அப்படியே விட்டுவிட்டு, மேலே வில்லையை வைத்துத் திருகினார்.

பேத்திக்கு ஒன்பது வயது. பாருக்குக் கீழே காலை நுழைக்கத் தொடங்கிவிட்டாள். குழந்தையின் கால் பின் சக்கரக் கம்பிக்குள் போனால் குதிகால் சதையே கிழிந்துவிடும். ஆகையால் இரண்டு பக்கமும் சேலைத் தடுப்புக்கு மாட்டுகிற வலை ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர். அதுவரைக்கும் வண்டி வீட்டுக்குள், சாவி என் இடுப்பில்.